சர்வர் வரும்வரை

"சர்வர் டவுன்மா, நாலு மணிக்கு மேல வாங்க."
பத்திர எழுத்தர் சென்னகேசவன்
பேனா மூடியால் காதைக் குடைந்தபடி சொன்னபோது
மணி பத்து இருபது.
விடுதலைப் பத்திரம்.
என் பாகம் எனக்கு வேண்டாமென்று
நான் எழுதித் தரவேண்டியது.
அண்ணன் முனிரத்தினம் பெஞ்சின் அந்தக் கோடியில்.
நடுவில் நாலு பேர் உட்காரலாம்.

ஓசூர் போய்த் திரும்பினால் பஸ் காசு தண்டம்.
இங்கே விசிறியும் சுற்றவில்லை.
அவன் எழுந்து நடந்தான், நான் பின்னால் நடந்தேன்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ரவுண்டானாவில்
பெங்களூர், சென்னை, சேலம் என்று அம்புக்குறிகள்.
கிருஷ்ணகிரி என்று எந்த அம்பும் இல்லை.
நூறு முறை இதைத் தூங்கியபடி கடந்திருக்கிறேன்.
எட்டு நிமிடம் பஸ் நிற்கும் ஊர்,
கழிப்பறைக்கும் டீக்கும்.

அருங்காட்சியகத்தில் எங்களைத் தவிர ஒரு பல்லி.
நடுகல்லில் ஒருவன் மாடு மீட்கச் செத்திருக்கிறான்.
மார்பில் அம்பு, பக்கத்து அட்டையில் நூற்றாண்டு.
யாருடைய மாடு, எத்தனை மாடு,
மீட்டதை யார் யார் பிரித்துக்கொண்டார்கள்,
அட்டையில் இல்லை.
அண்ணன் அங்கேயே வெகுநேரம் நின்றான்.
செருப்பு வார் அறுந்திருந்தது, அதனால்தான்.
வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.
கவரிங் வளையல்.
பார்த்தான்.

வழி கேட்காமல் நடந்ததில் ஒரு பெயர்ப்பலகை:
லண்டன்பேட்டை.

பன்னிரண்டு வருடம் முன்பு
அவன் லண்டன் போவதற்கென்று
என் ஆறு வளையல்
தருமபுரியில் ஒரு ஏஜென்டிடம் போனது.
ஏஜென்ட் எங்கே போனான் தெரியாது.
அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.
பலகை எடுத்துவிட்டது.

தெருவில் மொட்டை வெயில்.
பிள்ளையை உருதுவில் திட்டும் ஒருத்தி,
போகட்டும் விடு என்று தெலுங்கில் எதிர்வீடு.
டீக்கடையில் அண்ணன் கேட்டான்,
"இங்க எதுக்குங்க லண்டன்?"
"ஒருகாலத்துல ரயிலெல்லாம் வந்துச்சாம்.
பேரை வச்சிட்டு
தண்டவாளத்தப் பேத்துக்கிட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன்.
சக்கரை கம்மியா?"
"சக்கரையே வேணாம்" என்றான் அண்ணன்.
எனக்கு அது புதுச் செய்தி.

முத்திரை குத்த யாருமில்லை.
ஒரு செவலை நாய் முகர்ந்து பார்த்து
போகலாம் என்று விட்டது.
"வந்து சேந்துட்டேன் பாரு" என்றான்.
நான் சிரிக்கவில்லை.
டீ மூக்கில் ஏறியது.

கோட்டை மலையில் பாதிதான் ஏறினோம்.
பாறை தோசைக்கல்லாய்ச் சுட்டது.
மேலே தர்கா இருக்கிறதாம், போகவில்லை.
தூரத்தில் அணைத் தண்ணீர் ஒரு தகரத் துண்டு,
மாந்தோப்புகள்,
கல் அறுத்து அறுத்து ஒருபக்கம் தீர்ந்துபோன குன்று.
பதிவு அலுவலகம் எது என்று தேடினோம்.
எல்லாம் மொட்டை மாடி,
எல்லாவற்றிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.
"அதோ" என்றான்.
"அது கல்யாண மண்டபம்" என்றேன்.
காலையிலிருந்து நான் அவனிடம் பேசியது அவ்வளவுதான்.

இறங்கிய இடத்தில் தள்ளுவண்டி.
பெங்களூரா மாங்காய், விசிறிபோல் கீறி,
உப்பும் மிளகாய்த்தூளும்.
இருபது ரூபாய், அவன் கொடுத்தான்.
கணக்கில் வைத்துக்கொண்டேன், பழக்கம்.

நாலு இருபத்தைந்துக்குச் சர்வர் வந்தது.
என் கட்டைவிரலை இயந்திரம் படிக்கவில்லை.
மறுபடி வைத்தேன்.
மறுபடியும்.
"கையில என்னம்மா?" என்றார் சென்னகேசவன்.
மாங்காய்ப் பிசுக்கு.
"நாலுல ஒண்ணு ஆகட்டும், கழுவிட்டு வாங்க,
அஞ்சரைக்கு மூடிருவாங்க."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று
அண்ணன் எழுந்து போனான்.
விரலை அப்படியே தூக்கிப் பிடித்தபடி
உட்கார்ந்திருக்கிறேன்.
ஊக்குப் போட்ட செருப்பு
வராந்தாவில் இழுபடும் சத்தம் கேட்கிறது.
போகிறதா, வருகிறதா,
தெரியவில்லை.